பத்தொன்பதாம் தேதிக்கு நான்கு வரி

ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தாறு நாள் என்பதுதான் தேதியக்காவின் கணக்கு. நாலு வருடத்துக்கு ஒரு முறை தலைகாட்டும் பிப்ரவரி இருபத்தொன்பதையும் அவள் மற்ற நாட்களுக்குக் குறையாமல் கவனித்தாள். அச்சகத்தின் மாடி அறையில் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. அதில் மாதத்துக்கு ஓர் இழுப்பறை. இழுப்பறைக்குள் நாளுக்கு ஒரு கட்டு அட்டை. அச்சகம் வெளியிடும் தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும், பெரிய தேதி எண்ணுக்குக் கீழே, ‘இந்த நாளில்’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் நான்கு வரி. உலகத்துக்கு இரண்டு, ஊருக்கு இரண்டு. அந்த நான்கு வரிகளைத் தேர்ந்து கொடுப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. அவளுடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

உலகத்தைப் பற்றிக் கவலை இல்லை. எங்கேயாவது ஒரு பேரரசருக்கு முடிசூட்டியிருப்பார்கள், ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், ஒருவர் எதையாவது கண்டுபிடித்திருப்பார். மண்டை காய வைத்தது ஊர்தான். இந்த ஊரில் வருடத்தில் முக்கால்வாசி நாள் எதுவுமே நடந்ததில்லை. மார்ச் மாதத்தில் ஒரு நாளுக்கு வேறு வழியில்லாமல் ‘நகரில் முதல் போக்குவரத்து விளக்கு எரிந்தது’ என்று போட்டிருந்தாள். அது அணைந்த நாளையும் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

கிடைத்ததையெல்லாம் போட்டுவிட முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அவளுக்கு ஒரு சூடு விழுந்தது. யாரோ சொன்னதை நம்பி, ஊரின் பழைய பாட்டு வாத்தியார் இறந்த நாள் என்று ஒரு வரி போட்டாள். காலண்டர் வெளியான மூன்றாம் நாள் பாட்டு வாத்தியாரே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, “நான் எப்பம்மா செத்தேன்? எனக்கே சொல்லலையே” என்று கேட்டார். அச்சகமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு அட்டையில் ‘ஆதாரம்’ என்று ஒரு பத்தி போட்டவள்தான். அச்சான தாள், செதுக்கிய கல், முத்திரை வைத்த கடிதம் — இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் எதுவும் அட்டையில் ஏறாது. சட்டம் போட்டால் போட்டதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தச் சட்டத்தில் வருடா வருடம் வந்து முட்டிக்கொண்டு போகிறவர் ஒருவர் இருந்தார். தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா.

அடுத்த வருடக் காலண்டருக்கான வேலை ஜூலையில் தொடங்கும். அது எப்படித்தான் அவருக்குத் தெரியுமோ, தொடங்கிய வாரமே படியேறி வந்து வாசலில் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். பெட்டியைச் சூட்டோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பார். பிறகு அதே இரண்டு வாக்கியம்.

“நவம்பர் பத்தொம்பது, தங்கச்சி. சொல்லாம கொள்ளாம மதகைத் திறந்து விட்டுட்டாங்க, சலவைக் குடியிருப்புல முப்பத்தொரு பேர் போயிட்டாங்க, அதுல ரெண்டு பேர் என் புள்ளைங்க.”

அது நடந்தபோது தேதியக்கா இந்த ஊரிலேயே இல்லை. அதற்குப் பின் ஆறு வருடம் கழித்துத்தான் வாக்கப்பட்டு வந்தாள். முதல் முறை கேட்டபோது பதறிப்போய்ப் பழைய செய்தித்தாள்களை எல்லாம் புரட்டினாள். ‘கனமழையால் தாழ்வான பகுதிகளில் பாதிப்பு, சிலரைக் காணவில்லை’ என்று ஆறாம் பக்கத்தில் ஓர் ஓரம். எந்த நாள், எத்தனை பேர், யார் மதகைத் திறந்தது, ஒன்றும் இல்லை. மழைதான் எல்லாவற்றையும் செய்துவிட்டது போல.

“ஆதாரம் ஏதாவது இருந்தா கொண்டு வாங்கக்கா” என்றாள்.

மூன்றாவது வருடம் அவர் கொண்டுவந்தார். நாலாக மடித்த, மகளின் இறப்புச் சான்றிதழ். தேதியக்கா அதை வாங்கி, வழக்கம்போலத் தேதியைப் பார்த்தாள். நவம்பர் இருபத்திரண்டு. உடல் கிடைத்த நாளையே இறந்த நாள் என்று எழுதியிருந்தார்கள். மகனுக்குச் சான்றிதழே இல்லை, ஏனென்றால் உடலே கிடைக்கவில்லை.

“இதுல இருபத்திரெண்டுன்னு இருக்கே அக்கா” என்று முடிந்த மட்டும் மெதுவாகத்தான் சொன்னாள்.

இஸ்திரியக்கா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த ஜூலையில் மறுபடி வந்து நின்றார்.

இப்படியே பன்னிரண்டு ஜூலை போயிற்று. இந்த வருடம் அவர் வந்து போன மறுநாள் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்திரை வைத்த கடிதம். நவம்பர் பத்தொன்பதை இனி ‘நகர நாள்’ என்று கொண்டாட முடிவாகியிருக்கிறது. காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் அச்சிட வேண்டும். ‘இந்த நாளில்’ கட்டத்தில் ஊருக்குரிய வரிகளாக நகராட்சி திறந்துவைத்த நலத்திட்டங்களைப் போட வேண்டும். கீழே வாழ்த்துகளுடன் ஒரு கையெழுத்து.

தேதியக்கா நவம்பர் இழுப்பறையை இழுத்தாள். பதினெட்டாம் தேதியில் இரண்டு அட்டை. இருபதில் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு பூனைக் கண்காட்சி. நடுவில் பத்தொன்பது மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும் அளவுக்குப் புடைத்துக்கொண்டு இருந்தது. இத்தனை நாளாக அதைப் பார்க்கும்போதெல்லாம், ‘அப்பாடா, இந்த ஒரு நாளாவது நம்மைக் கஷ்டப்படுத்தவில்லை’ என்றுதான் நினைத்திருக்கிறாள். இன்றைக்கு ரப்பர் பேண்டைக் கழற்றி, அட்டைகளை ஆண்டு வரிசையில் மேசைமேல் பரப்பினாள்.

நீரூற்றுத் திறப்பு. மறு வருடம் கடிகாரக் கோபுரம் திறப்பு. அதற்கு மறு வருடம் சிறுவர் பூங்காவில் சறுக்குமரம் திறப்பு. பேருந்து நிழற்குடை திறப்பு. அதே நிழற்குடைக்கு வண்ணம் பூசி மறுபடி திறப்பு. பொதுக் கழிப்பறை திறப்பு. அதற்கு மேளம் வைத்து ஒரு விழா. ஒரு வருடம் திறக்க ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது, பழைய நீரூற்றுக்கே புதுப் பெயர் வைத்துத் திறந்திருக்கிறார்கள். பதினேழு அட்டை, பதினேழு வருடம், ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் கல்வெட்டு ஆதாரம் உண்டு. கல்லில் தேதி பளிச்சென்று இருக்கிறது.

நீரூற்றுக்கு முந்தைய வருடத்துக்கு அட்டை இல்லை. அது இஸ்திரியக்கா சொன்ன வருடம்.

நகராட்சிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். மூன்று மாத வெள்ளத்தைக்கூட ஒருநாள் துடைத்து உலர்த்திவிடலாம். ஒரு நாளைத் துடைக்க முடியாதே என்று இவர்கள் யோசித்திருக்கிறார்கள். துடைக்க முடியாவிட்டால் என்ன, அதன்மேல் சாமான்களை அடுக்கிவிடலாம். வருடத்துக்கு ஒரு சாமான். கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அடுக்கு. அப்படி அடுக்கியதை ஒவ்வொரு வருடமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்து, பிழையில்லாமல் நாற்பதாயிரம் வீட்டுச் சுவரில் மாட்டிக் கொடுத்தது யார்? இதே கைதான். சறுக்குமரத்தில் ‘று’ வல்லினமாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறாள், பாவி.

அட்டைகளை அள்ளிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். முதலாளி நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார், யாருக்காகவும் பேசவும் மாட்டார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பத்தொம்பதா? அன்னிக்குத்தான் நம்ம குடோன்ல தண்ணி புகுந்துச்சு. அறுபது ரீல் பேப்பர் ஊறிப் போச்சும்மா. தூக்க முடியல, ஒவ்வொண்ணும் யானை கனம்” என்றார்.

“அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“தண்ணி வந்தது தெரியும்.”

“குடியிருப்புல முப்பத்தொரு பேர் செத்தது?”

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்லிக்கிட்டாங்க. அந்தச் சமயம் ரீலைப் பார்க்கறதா, வேற எதைப் பார்க்கறது? விடும்மா. நகராட்சி வேலை நமக்கு வருஷம் பூரா வருது. எதுக்கு வம்பு?”

“முதலாளி, இந்த நாளைச் சிவப்புல போடச் சொல்றாங்க. சிவப்புல!”

“ஆதாரம் இருக்கா?” என்றார் அவர், சண்டை போடும் குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் குரலில். “இருந்தா கொண்டா, போடறேன். நீ போட்ட சட்டம்தானே இது?”

தேதியக்கா அட்டைகளைத் திரும்ப அள்ளிக்கொண்டாள். தான் வெட்டி வைத்த பள்ளத்தில் தானே நின்றுகொண்டு யாரைத் திட்ட முடியும்?

மறுநாள் காலையிலேயே நகராட்சிக்குக் கிளம்பினாள். வழி நெடுக மனதுக்குள் சண்டையை ஒத்திகை பார்த்தாள். அவன் இப்படிச் சொன்னால் நான் இப்படிக் கேட்பேன், அவன் எழுந்தால் நானும் எழுவேன், மேசையில் தட்டினால் நானும் தட்டுவேன். விழாப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. வராந்தா முழுக்க சுருட்டி வைத்த பேனர்கள், ரிப்பன் கட்டுகள், ஒரு தட்டில் பத்துப் பதினைந்து கத்தரிக்கோல். எத்தனை ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்களோ என்று பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

விழாப் பிரிவு அதிகாரிக்கு இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “காலண்டர் மேடமா? எங்க வீட்ல உங்க காலண்டர்தான். அம்மா தினமும் அந்த நாலு வரியைச் சத்தமாப் படிப்பாங்க” என்றான். டீ சொன்னான். ஒத்திகை பார்த்து வந்ததில் எதுவுமே உதவவில்லை.

“நவம்பர் பத்தொம்பதை ஏன் நகர நாளாக்கினீங்க?” என்று கேட்டாள்.

“அன்னிக்குத்தானே மேடம் நம்ம ஊருக்கு எல்லா நல்லதும் நடந்திருக்கு? பதினேழு திட்டம்! லிஸ்ட்டைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியமாப் போச்சு. நான்தான் மேடம் யோசனை சொன்னேன்.” அவன் முகத்தில் பெருமை வழிந்தது. “ஆனா இந்த வருஷம் ரொம்பக் கஷ்டம். திறக்க ஒண்ணுமே இல்ல. கடைசியில ஒரு குடிநீர்க் குழாயைத் தேடிப் பிடிச்சிருக்கோம்.”

“திறக்க ஒண்ணும் இல்லைன்னா விட்டுட வேண்டியதுதானே?”

“விட முடியாது மேடம். ஃபைல்ல இருக்கு. வருஷா வருஷம் அந்தத் தேதியில கண்டிப்பா எதையாவது திறக்கணும்.”

“ஏன்?”

அவன் தலையைச் சொறிந்தான். அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவனும் யாரிடமும் கேட்டதில்லை. முன்னால் இருந்தவர் சொன்னார், அவருக்கு அதற்கு முன்னால் இருந்தவர் சொன்னார். “இருங்க, பார்த்துடலாம்” என்று எழுந்து, அலமாரியிலிருந்து தலையணை கனத்தில் ஒரு கோப்பை எடுத்து வந்து மேசையில் போட்டான். தூசி கிளம்பியது. அழைப்பிதழ்கள், மாலைச் செலவுச் சீட்டுகள், நன்றிக் கடிதங்கள். இருவரும் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார்கள். கடைசித் தாளை அவன்தான் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான்.

“மேற்படி நாளில் நீர்த்தேக்கத்தின் மதகுகள் முன்னறிவிப்பின்றித் திறக்கப்பட்டமையால், சலவைத் தொழிலாளர் குடியிருப்பில் முப்பத்தொரு பேர் உயிரிழந்தது தொடர்பாகப் பொதுமக்கள் மனத்தில் நிலவும் கசப்பு நீங்கும் பொருட்டு, இனி ஆண்டுதோறும் அதே நாளில் மகிழ்ச்சி தரும் நிகழ்ச்சி ஒன்றை நடத்துவது உசிதம்...”

பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது. மீதியைத் தேதியக்கா படித்தாள். கீழே அன்றைய பெரிய அதிகாரியின் கையெழுத்து, முத்திரை, தேதி.

உசிதம்! முப்பத்தொரு பேரைத் தண்ணீரில் அனுப்பிவிட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, எது உசிதம் என்று யோசித்திருக்கிறான். மன்னிப்புக் கேட்பது உசிதமாகப் படவில்லை. யார் திறந்தது என்று விசாரிப்பது உசிதமாகப் படவில்லை. ஒரு நீரூற்று உசிதமாகப் பட்டிருக்கிறது. தண்ணீரில் செத்தவர்களுக்குத் தண்ணீரையே பீய்ச்சி விளையாட்டுக் காட்டியிருக்கிறான். மேசையைத் தட்ட வேண்டும் போல் இருந்தது, ஆனால் எதிரே இருந்தவன் அழுதுவிடுவான் போல் இருந்தான்.

“எனக்கு அப்போ ஒன்பது வயசு மேடம்” என்றான். “ஸ்கூல் லீவு விட்டாங்க. ஜாலியா இருந்தோம்.”

இவனை என்னவென்று திட்டுவது? மறைத்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். எதை மறைக்கிறோம் என்றே தெரியாதவர்கள் அதே சிரத்தையோடு மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் கோப்பை அவள் பக்கம் நகர்த்தினான். கதவை ஒரு தடவை பார்த்தான். “ஜெராக்ஸ் மெஷின் அந்த மூலையில இருக்கு மேடம். டீ இன்னும் வரல, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். டீ ஏற்கெனவே வந்து ஆறிக்கொண்டிருந்தது.

நகலை முதலாளி இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை ‘உசிதம்’ என்ற இடத்தில் நின்று, அவர் வாயிலிருந்து தேதியக்கா அதுவரை கேட்டிராத ஒரு வசவு வந்தது. அதன் பிறகும் வியாபாரி வியாபாரிதான்.

“சரி, நாலாவது வரியாப் போடு.”

“முதல் வரி. இல்லைன்னா இந்த வருஷம் ஒரு தாளுக்கும் ‘அச்சிடலாம்’னு கையெழுத்துப் போட மாட்டேன். முந்நூத்தி அறுபத்தாறுக்கும் வேற ஆளைப் பார்த்துக்குங்க.”

“சிவப்பு?”

“கறுப்பு.”

முதலாளி பெருமூச்சு விட்டார். “நகராட்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அவங்க ஃபைல்லேர்ந்துதான் எடுத்தோம்னு சொல்லுங்க.”

அட்டையில் ஆதாரம் என்ற பத்தியில் கோப்பு எண்ணையும் தேதியையும் அழகான கையெழுத்தில் எழுதினாள். மூன்றாம் வாரம் தாள் அச்சாகி வந்தது. மை காயும் முன்பே நவம்பர் பத்தொன்பதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். இத்தனை வருட வேலையில் அவள் எந்தத் தாளையும் யாருக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

இஸ்திரியக்கா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். “மதகுகள்... முன்னறிவிப்பின்றி... திறக்கப்பட்டு... சலவைத் தொழிலாளர் குடியிருப்பில்... முப்பத்தொரு பேர் இறந்தனர்.” முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். விரல் ஒவ்வொரு சொல்லின் அடியிலும் நின்று நின்று நகர்ந்தது.

“எப்படி ஒத்துக்கிட்டாங்க?” என்று கேட்டார்.

தேதியக்கா மூச்சு விடாமல் சொன்னாள். அட்டைகளைப் பரப்பியது, நகராட்சிக்குப் போனது, கோப்பு, கடைசித் தாள், உசிதம், எல்லாம். சொல்லச் சொல்ல மறுபடி கோபம் தலைக்கேறியது. “அவன் கையெழுத்தே இருக்குக்கா! அவன் கையாலயே எழுதியிருக்கான். இனிமே யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது!”

இஸ்திரியக்கா தாளை இஸ்திரி மேசைமேல் வைத்தார்.

“அவன் எழுதினதைப் பார்த்ததும் நம்பிட்டே.”

“ஆதாரம் வேணும்லக்கா...”

“நான் என்ன தங்கச்சி?” குரல் உயரவில்லை. “பெத்தவ நான். பன்னெண்டு வருஷமா உன் வாசல்ல வந்து நின்னு சொன்னேன். அதை மூடி மறைச்சவன் ஒரே ஒரு தடவை எழுதி வெச்சான். அவன் எழுத்து ஆதாரம், நான் சொன்னது வெறும் பேச்சா? என் புள்ளைங்க செத்ததுக்கு அவன் வந்து கையெழுத்துப் போடணுமா?”

தேதியக்கா வாயைத் திறந்தாள். பாட்டு வாத்தியார் கதையைச் சொல்லலாம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லலாம். ஒரு மாதமாக அவள் எல்லார் மேலும் கோபப்பட்டாயிற்று. நகராட்சி மேல், ஓய்வு பெற்றவன் மேல், அறுபது ரீலை மட்டும் ஞாபகம் வைத்திருந்த முதலாளி மேல். ஒரு ஆள் மட்டும் பாக்கி இருந்தாள். அந்தச் சான்றிதழை ஒரு நாள் கையில் வாங்கி, தேதியை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள்.

அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். தாளின் ஓரத்தில் வெள்ளை இடம் இருந்தது.

“பேரைச் சொல்லுங்கக்கா” என்றாள். “ரெண்டு பேர் பேரும்.”

இஸ்திரியக்கா காலர் சுருங்காமல் சட்டையை மடித்து ஓரமாக வைத்தார்.

“பன்னெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறே.”